டொக்டர் வீட்டு நோயாளி

டொக்டர் நாகேந்திரம் நோயாளியின் வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் தன் உள்ளங்கைகள் இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். வெள்ளவத்தையில், அதுவும் கடற்கரைப் பக்கத்து லேனில், குளிர் என்ற சாமான் மருந்துக்கும் கிடையாது. மின்விசிறிக்குக் கீழே இருந்தாலும் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியிருந்தும் தேய்ப்பார். அவர் அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு பச்சைத் திரைச்சீலைதான். வாங்குப் பலகையில் காத்திருக்கிற எங்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். கேட்டதும் உள்ளே இருப்பவருக்கு வயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று நாங்களே தீர்மானித்துவிடுவோம்.

நான் அந்த வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. மேலே ஏறும் படி டிஸ்பென்சரி விறாந்தையிலிருந்துதான் தொடங்கும். ஆகவே லேனில் யாருக்கு என்ன வருத்தம் என்பது எனக்குக் கேளாமலே தெரிந்துவிடும். போதாதற்கு எனக்கே வருடம் முழுவதும் இருமல். உப்புக் காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றதுபோல என் நெஞ்சையும் தின்கிறது என்று நான் சொல்வேன். நீர் பிடிக்கிற சிகரெட்டை மறந்துவிட்டீர் என்று டொக்டர் சொல்வார்.

வருகிற ஒவ்வொருவரையும் அவர் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார். "சொல்லுங்கோ, என்ன செய்யுது?" சிங்கள ஆட்களென்றால், "கியன்ன, மொக்கத அமாருவ?" கேட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்துவிடுவார். எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் குறுக்கே விழமாட்டார். காலி வீதிச் சைவக்கடையில் தோசைக்கல்லில் நிற்கிற காளியப்பன் ஒருநாள் காய்ச்சலென்று வந்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன். வேறு டொக்டரென்றால் பனடோலும் ஒரு போத்தல் கலவை மருந்தும் கொடுத்து அனுப்பியிருப்பார். இவர் அவனைக் கட்டிலில் கிடத்தி, கையைத் தேய்த்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். ஈரலில் சீழ் கட்டியிருந்தது. அப்போதே துண்டு எழுதிக் கொடுத்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். காளியப்பன் பிழைத்து வந்த பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு டிஸ்பென்சரியைப் பார்த்துக் கும்பிடுவான். டொக்டருக்கு அது பிடிக்காது. "இது என்ன கோயிலோ" என்று ஏசுவார்.

இப்படிப்பட்ட மனுசனின் வீட்டில்தான் இது நடந்தது. நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டொக்டரின் மனைவி சிவமணியக்கா. ஒரே மகள் வாசுகி, கொழும்பில் மருத்துவம் கடைசி வருடம். டொக்டர் வடக்கில் பல ஊர்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு கொழும்புக்கு வந்து, வீட்டின் முன்னறையை டிஸ்பென்சரி ஆக்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் என்ற பெண் வந்து மருந்து கலந்து கொடுப்பாள், நம்பர் மட்டையும் கொடுப்பாள். சிவமணியக்கா முன்பக்கம் வருவதே இல்லை. குசினிப் பக்கத்தில் அவரது ராச்சியம். எனக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் மேலே வரும். தனிக்கட்டை என்று இரங்கி அவர் செய்த தர்மம் அது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரியில், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தது. அக்காவின் தங்கை புனிதமும் பிள்ளைகளும் அந்த மழைக்குள்தான் போனார்கள். சாவகச்சேரி வரை வந்ததாக ஒருவர் சொன்னார். கிளாலியால் கடந்து வன்னிக்குள் போய்விட்டதாக இன்னொருவர். அதற்குப் பிறகு தகவலே இல்லை. லேனில் ஒரு வீடு மிச்சமில்லாமல் இதே கதைதான். சந்தைக்குப் போனால் மரக்கறியை விட இந்தத் தகவல்தான் அதிகம் கைமாறியது. அக்கா ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தபடியே மெலிந்துகொண்டு வந்தார்.

அந்த மாரியில்தான் அவர் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினார். ஓர் இடியப்பம் வைத்தால் பாதியில் எழும்பிவிடுவார். வயிறு நிறைந்துவிட்டது என்பார். படியேற மூச்சு வாங்கும். சட்டை தொளதொளவென்று ஆனது. எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னோம். யோசனை. தங்கச்சியை நினைத்து யோசிக்கிறார். அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்கு என்ன வருத்தம் வந்தாலும் அதற்கு யோசனை என்றுதான் பெயர். தலைவலியா, யோசனை. நித்திரை இல்லையா, யோசனை. தலைமயிர் கொட்டினாலும் யோசனைதான். சண்டை நடக்கிற நாட்டில் அதற்கு மேலே யார் துருவிப் பார்ப்பார்கள்.

டொக்டரைப் பார்க்க டொக்டர்மார் வருவார்கள். சேர்ஜன் செல்லையா வருவார், பெரிய மனுசர், கையில் எப்போதும் ஒரு பை மாம்பழம். வைத்திய நிபுணர் ஷிப்லி வருவார், டொக்டரோடு ஒன்றாகப் படித்தவர், பகிடிக்காரர். பின்னேரத்தில் ஹோலில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அக்கா பலகாரத் தட்டோடு வருவார். அப்போது டொக்டர், "இவவைக் கொஞ்சம் பாருங்கோ, சாப்பிடுறாவே இல்லை" என்பார். அவர்களும் கதிரையில் இருந்தபடியே பார்ப்பார்கள். மிஸிஸ் மெலிந்துபோனா, யோசிக்கக் கூடாது என்பார் செல்லையா. கஸ்ட்ரைற்றிஸாக இருக்கும், ஒரு குளிசை எழுதுகிறேன் என்பார் ஷிப்லி. பிறகு கதை ஆஸ்பத்திரி வம்புக்குப் போய்விடும்.

டொக்டர்மாருக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒரு டொக்டரின் வீட்டாளிடம் இன்னொரு டொக்டர் காசு வாங்கமாட்டார். அது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பிறகுதான் விளங்கியது, அந்த மரியாதைக்குள் இன்னொன்றும் இருந்தது. நண்பனின் மனைவியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, சேலையை விலக்கச் சொல்லி, ஆதியோடந்தமாகக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அப்படிக் கேட்டால் நீ சரியாகப் பார்க்கவில்லை என்று நாகேந்திரத்துக்கு முகத்தில் சொன்னது போலாகிவிடும். புருசன் பார்த்திருப்பான் என்று அவர்கள் இருந்தார்கள். இரண்டு பெரிய டொக்டர்மார் பார்த்துவிட்டார்கள் என்று புருசன் இருந்தார். கடைசியில் ஒருவரும் பார்க்கவில்லை. தோசைக்கல்லில் நிற்கிற காளியப்பனுக்குக் கிடைத்தது டொக்டர் பெண்சாதிக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் வாசுகிக்கு இறுதிப் பரீட்சை நெருங்கியது. மருத்துவப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சோதனையை விடப் பயம் நோயாளியைக் கண்முன்னால் பரிசோதிக்கிற சோதனைக்குத்தான். தெரியாத ஒரு நோயாளியைக் காட்டுவார்கள். பிள்ளை கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, என்ன நோய் என்று பேராசிரியர்மாருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பழக வீட்டில் அகப்படுகிற ஆட்களை எல்லாம் பிடிப்பார்கள். என் முழங்காலை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வாசுகி ஒருவழி பண்ணியிருந்தாள். ஐறீனின் நெஞ்சுச் சத்தம் அவளுக்குப் பாடம். ஒரு மத்தியானம் அம்மாவைக் கட்டிலில் கிடத்தினாள். அப்பா மாதிரியே கையைத் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றில் வைத்தாள்.

அன்று பின்னேரம் நான் டெலிபோன் எடுக்கக் கீழே வந்திருந்தேன். மேல்மாடியில் போன் இல்லை. டொக்டர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா தரையில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். வாசுகி அப்பாவின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாவுக்கு ஸ்ப்ளீன் தட்டுப்படுது."

ஸ்ப்ளீன் என்றால் மண்ணீரல். இடது விலாவுக்கு உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பு, அதன் விளிம்பில் நொட்ச் என்று ஒரு சின்ன வெட்டு இருக்கும். சுகமாக இருக்கிறவர்களுக்கு அது கையில் படாது, பட்டால் ஏதோ பெரிய கோளாறு. இதெல்லாம் அந்த வீட்டில் இருந்து இருந்து நான் பொறுக்கிக்கொண்ட அறிவு. ஆகவே ரிசீவரைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

டொக்டர் பேப்பரை இறக்கவில்லை. "சோதினைக்கு முன்னம் எல்லாப் பிள்ளையளுக்கும் எல்லாற்றை ஸ்ப்ளீனும் தட்டுப்படும். நான் அந்த நாளையில என்ர அறைக்காரனுக்கு ஒரு கட்டியே கண்டுபிடிச்சனான். அவன் இப்பவும் லண்டனில குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறான்."

"விளிம்பில நொட்ச் இருக்கப்பா. மூச்சோட கீழ இறங்குது. மேல விரல் விடேலாமக் கிடக்கு."

"குடலாயிருக்கும். அம்மாவுக்கு மலச்சிக்கல்."

"ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்."

அவர் பேப்பரை மடித்தார். மனைவியைப் பார்த்தார். அக்கா முருங்கை இலையிலிருந்து தலை நிமிரவில்லை. இருபத்தைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்த மனுசியென்றாலும் நான் நிற்கும்போது வயிற்றில் கை வைத்துப் பார்க்க முடியாதுதான். நான் போன் எடுக்க வராமல் இருந்திருந்தால் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் நான் போன பிறகும் அவர் பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை.

"விடு பிள்ளை," என்றார் அக்கா. "அப்பா களைச்சுப்போய் இருக்கிறார். நீ போய்ப் படி."

வாசுகி படிக்கப் போனாள். தன் கையிலேயே அவளுக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அப்பா பிழை விடமாட்டார், அப்படியானால் தன் விரல்தான் பிழை. வார்ட்டில் காண்கிற ஒவ்வொரு வயிற்றிலும் கை வைத்துப் பார்த்தாளாம். சரியாகத்தான் வந்ததாம். வீட்டுக்கு வந்து அம்மாவைத் தொட்டால் அதே இடத்தில் அதே விளிம்பு. இந்த நேரத்தில்தான் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. எங்கள் லேனைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை விடியக்காலையில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், என்னையும்தான். தமிழ் ஆட்கள் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நித்திரை கொண்ட நாட்கள். வாசுகியின் ஸ்ப்ளீன் கதை அடிபட்டுப் போயிற்று.

பிறகு ஒருநாள் அக்காவுக்குப் பல்லு விளக்கும்போது முரசால், பல்லீறால், இரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. அன்றைக்கு வாசுகி யாரிடமும் கேட்கவில்லை. குசினியில் அம்மாவை ஸ்டூலில் இருத்தி, கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். ஒரு சின்னக் குழாயில் அடைத்து, கைக்குட்டையில் சுற்றி, பஸ் ஏறினாள். பம்பலப்பிட்டியில் இறக்கிச் சோதித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒருவன் குழாயை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, "மே மொக்கத?" என்று கேட்டானாம். இவள், "அம்மாகே லே" என்றாளாம், அம்மாவின் இரத்தம். அவன் அதைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றி, "பரிஸ்ஸமின்" என்று அவள் கையில் வைத்தானாம். கவனம் என்று அர்த்தம்.

ஆய்வுகூடத்திலிருந்து அன்றைக்கே போன் வந்தது. வெள்ளணுக்கள் அளவுகணக்கில்லாமல் பெருகியிருந்தன. இரத்தப் புற்றுநோய். ஷிப்லி டொக்டர் ஓடி வந்தார். தேத்தண்ணி வேண்டாமென்றார், பகிடி விடவில்லை. அக்காவை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் முதல் தடவையாக முறையாகப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாகா," என்றார், "ஸ்ப்ளீன் தொப்புள் வரைக்கும் வந்திட்டுது. நாங்க எல்லாரும் இந்த வீட்டில இருந்து பலகாரம் திண்டிட்டுப் போயிருக்கிறம்."

வயிறு நிறைந்துவிட்டது என்று அக்கா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மண்ணீரல் வளர்ந்து இரைப்பையை நெரித்துக்கொண்டிருந்தது. சோற்றுக்கு இடமில்லை. டொக்டர் டிஸ்பென்சரிக்குப் போய் மிச்ச நோயாளிகளைப் பார்த்து முடித்தார். ஒவ்வொருவரிடமும் "சொல்லுங்கோ, என்ன செய்யுது?" என்று கேட்டார்.

களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வைத்தியம் தொடங்கியது. அங்கிருந்த இரத்த நோய் நிபுணர் ஒளிக்காமல் சொன்னார். இந்தியாவில் வேலூருக்குப் போய், கூடப்பிறந்தவர் ஒருவரின் என்பு மச்சை, எலும்புக்குள் இருக்கிற ஊன், பொருந்தினால் மாற்றி வைக்கலாம். நோயை முதலிலேயே பிடித்திருந்தால் நம்பிக்கை கூட, இப்போதும் கொஞ்சம் அவகாசம் இருக்கலாம். கூடப்பிறந்தது புனிதம் ஒருத்திதான். அவள் வன்னியில் எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறாளோ தெரியாது. செஞ்சிலுவைக்காரர் மூலம் எழுதினார்கள், ஊரிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அவள் மல்லாவியில் இருக்கிறாள் என்று கடைசியில் தகவல் வந்தபோது நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இனி மாற்றிப் பயனில்லை என்றார்கள். எந்தத் தங்கச்சியை யோசித்து வருத்தம் என்று நாங்கள் சொன்னோமோ, அவளிடம்தான் மருந்து இருந்திருக்கிறது. இதைவிடக் கொடுமையாக ஒரு கதையை யாரும் கட்டமாட்டார்கள், நடந்ததால் சொல்கிறேன்.

டொக்டர் மனைவிக்குச் செய்யாத பணிவிடை இல்லை. குளிசையை வேளை தவறாமல் கொடுப்பார். தோடம்பழம் பிழிந்து வடித்துக் கொடுப்பார். கிளினிக் நாளில் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, காரில் தானே கூட்டிக்கொண்டு போவார். கால் பிடித்துவிடுவதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வயிற்றில் மட்டும் கை வைக்கவில்லை. மற்ற டொக்டர்மார் பார்க்கும்போது எழும்பி வெளியே போய்விடுவார். மகள் கேட்ட அன்றைக்குத் தொடாத இடத்தை இனி எந்த முகத்தோடு தொடுவது என்று நினைத்தாரோ என்னவோ. ஐறீன் ஒருநாள் மருந்து கலக்கியபடியே என்னிடம் சொன்னாள், "டொக்டர் மிஸிஸைப் பார்க்கிறதில்ல, மிஸிஸ் டொக்டரைப் பார்க்கிறதில்ல. வீட்டுல ரெண்டு பேரும் குற்றவாளி மாதிரி இருக்காங்க." மிஸிஸ் என்ன குற்றம் செய்தா என்று கேட்டேன். "நோய் வந்ததே குற்றம்னு நெனைக்கிறா," என்றாள்.

வாசுகி சோதனை பாஸ் பண்ணி, பயிற்சி டொக்டராக இரத்தினபுரிக்குப் போனாள். அவளுக்குச் சோதனையில் வந்ததும் ஒரு வயிறுதானாம். கை நடுங்காமல் செய்தேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பாவோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாதம் ஒருமுறை வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, திரும்பிப் போவாள்.

அக்கா தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி வரைக்கும் இருக்கவில்லை. ஆவணியில் போய்விட்டார். கனத்தை மயானத்தில் எரித்தபோது மழை இல்லை, கூட்டமும் அதிகமில்லை. சொந்தக்காரர் எல்லாம் பூட்டிக் கிடந்த வடக்குப் பாதைக்கு அந்தப் பக்கம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருவதில்லை. அதற்குக் கொஞ்சம் முந்திய ஒரு பின்னேரம்தான் வருகிறது.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்குச் சோதனை. சோதனைக்கு நல்ல நோயாளிகள் வேண்டும். நல்ல நோயாளி என்றால் நோய் நன்றாகத் தெரிகிற நோயாளி. அக்காவின் மண்ணீரல் அப்படிப்பட்டது. வர முடியுமா என்று வார்ட் டொக்டர் ஒருவர் கூச்சத்தோடு கேட்டாராம். டொக்டருக்கு விருப்பமில்லை, அவ என்ன காட்சிச் சாமானோ என்று குசினி வரைக்கும் கேட்கக் கத்தினாராம். அக்கா ஓமென்று சொல்லிவிட்டார். காலையில் ஐறீனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனார், பின்னேர டிஸ்பென்சரிக்காக அவளை முதலே திருப்பி அனுப்பிவிட்டார்.

பின்னேரம் நான் இருமலோடு வாங்கில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் காளியப்பன், கையில் எண்ணெய் தெறித்துச் சுட்ட புண். அந்தப் பக்கம் பிள்ளையோடு ஒரு சிங்களத் தாய். தெருப் படலை திறந்த சத்தம் கேட்டது. சிவமணியக்கா உள்ளால் வரவில்லை, தெருவால் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே விறாந்தைக்கு ஏறி, ஐறீனிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு நம்பர் தா."

ஐறீன் பதறிப்போய், "மிஸிஸ், நீங்க உள்ளுக்குப் போங்களேன், நான் டொக்டரை வரச் சொல்றேன்," என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நம்பர் தா."

மட்டையை வாங்கிக்கொண்டு வாங்கில் எனக்கும் காளியப்பனுக்கும் நடுவில் இருந்தார். காளியப்பன் எழும்பி நின்றுவிட்டான். இருக்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். சேலை புதிது, நீலம். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் நான் வெகுகாலம் காணாத ஒரு தெளிவு. சோதனை எப்படி என்று கேட்டேன்.

"நல்லா நடந்தது தம்பி. கன பிள்ளையள் வந்துதுகள். பாவங்கள், வேர்த்துக் கொட்டுது. ஒவ்வொண்டும் முதலில என்ர பேரைக் கேட்டுது. பிறகு என்ன செய்யுது, எப்ப தொடங்கினது, முதல் நாள் என்ன சாப்பிட்டனீங்கள், எல்லாம் கேட்டுதுகள். எனக்குச் சொல்லச் சொல்ல ஞாபகம் வருது. சொல்லி முடிய நெஞ்சுக்குள்ள பாரமே இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு சிங்களப் பெடியன், கை ஐஸ் மாதிரி. வயித்தில வைச்ச உடன நான் துள்ளிப்போனன். அத்த ரத் கரகன்ன புத்தா எண்டு சொன்னன். கையைச் சூடாக்கு மகன், அப்பதான் பிடிபடும் எண்டு. அவன் தேய்ச்சான். பிறகு சரியாப் பிடிச்சிட்டான்."

உங்களுக்கு யார் இதைச் சொல்லித் தந்தது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். எத்தனை வருடமாக அந்தச் சத்தத்தை அக்கா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

காளியப்பனின் நம்பரை ஐறீன் கூப்பிட்டாள். அவன் மட்டையை அக்காவின் கையில் வைத்தான். "நீங்க போங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றான். அக்கா மறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரையை விலக்கி உள்ளே போனார்.

டொக்டர் தலைகுனிந்து முந்திய நோயாளியின் துண்டை எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்கோ, என்ன செய்யுது?"

பிறகு பேனை மேசையில் விழுந்த சத்தம்.

"சாப்பிட்டா உடன வயிறு நிறைஞ்சு போகுது டொக்டர்," என்றார் அக்கா. "இடப்பக்கம் பாரமாக் கிடக்கு. யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த மாரியில தொடங்கினது."

"சிவா..."

"அப்ப நான் யோசனையெண்டு நினைச்சன். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. நானும் ஒருத்தருக்கும் முறையாச் சொல்லேல்லை. ஒருத்தரும் கேக்கவும் இல்லை." மூச்சு வாங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. "இண்டைக்கு ஊர்ப் பிள்ளையள் எல்லாம் கை வைச்சுப் பாத்திட்டுதுகள். நீங்களும் ஒருக்காப் பாருங்கோப்பா. எனக்குப் பிறகு நீங்கள் இதை யோசிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது."

கதிரை பின்னால் தள்ளப்பட்டது. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, உள்ளங்கையும் உள்ளங்கையும் தேய்கிற சத்தம். வழமையாகக் கொஞ்ச நேரம்தான் கேட்கும். அன்றைக்கு அது நிற்கவே இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். சிங்களத் தாய் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். காளியப்பன் தன் சுட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காணுமப்பா, தேய்ச்சது போதும்," என்று அக்காவின் குரல் மெல்லக் கேட்டது. "சூடாயிட்டுது. வையுங்கோ."

"மூச்சை நல்லா இழுங்கோ," என்றார் டொக்டர். எங்கள் எல்லாரிடமும் சொல்வது போலத்தான் சொன்னார். "விடுங்கோ. இன்னுமொருக்கா."

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. பிறகு அவர் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

"நொட்ச் இருக்கு," என்றார். "பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கிறாள்."

"ஓம்," என்றார் அக்கா.

ஐறீன் அடுத்த நம்பரைக் கூப்பிடவில்லை. படலையடியில் புதிதாக வந்து நின்ற ஒருவரிடம் இன்றைக்கு இனி இல்லை, நாளைக்கு வாங்கோ என்று சாடையால் சொன்னாள். வாங்கில் இருந்த நாங்கள் எழுந்து போகவும் இல்லை. கடற்கரைப் பக்கமாக மாலை ரயில் போனது. உள்ளே டொக்டர் மெதுவாக ஏதோ கேட்டார், அக்கா பதில் சொல்லத் தொடங்கினார், அவர் குறுக்கே விழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.